ஆடிட்டர் வரும் நாளைக் கடப்பது எப்படி?

பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசருக்கு ஒரு கையேடு

முதலில் வாழ்த்து. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, தொழிலாளர் நலனைக் காக்கும் வேலை என்று நம்பித் திருப்பூர் பஸ் ஏறியிருக்கிறீர்கள். கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டி, பதினெட்டு ஃபைலுக்கு நடுவில் உட்காரவைத்து, "வர்ற பதினாலாம் தேதி ஆடிட்டுங்க தம்பி, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி சாயப்பட்டறைப் பக்கம் போயிருப்பார். பயம் வேண்டாம். இதே மாதிரி நாற்காலியில், இரண்டு மூன்று கம்பெனிகளில், பதினாறு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் எழுதும் கையேடு இது. சொன்னபடி செய்தால் 'பி' கிரேடு வரும். 'ஏ'வுக்கு ஆசைப்பட வேண்டாம். 'ஏ' வந்தால் அவர்களுக்கே சந்தேகம் வரும்.

ஆடிட் என்றதும் ஊரில் உங்கள் அப்பா, பையன் கணக்கு வழக்கு பார்க்கிறான் என்று பெருமைப்பட்டிருப்பார். இது அந்த ஆடிட் இல்லை. ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ ஒரு கடையில் நம் டி-சர்ட்டை எடுக்கிறவர், இதைத் தைத்தவர் வயிறு எரியத் தைக்கவில்லை என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தலைவழியே மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த நிம்மதிக்கு ஒரு காகிதம் தேவைப்படுகிறது. பனியனோடு சேர்த்து அந்தக் காகிதத்தையும் நாம்தான் உற்பத்தி செய்கிறோம். பனியனுக்காவது காசு வரும். காகிதத்துக்கு, பெரும்பாலும், ஆடிட் ஃபீஸ் நம் தலையில். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பஸ் சார்ஜும் பெண் வீட்டாரே கொடுத்து, பஜ்ஜி சொஜ்ஜியும் போட்டு, கடைசியில் "பொண்ணு கொஞ்சம் கறுப்பு" என்று கேட்டுக்கொள்வது மாதிரி.

இடத்தைத் தயார் செய்தல்

நெருக்கடி வாசல் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். அங்கே அடுக்காமல் வேறெங்கே அடுக்குவது? ஆர்டர் நாலாயிரம் பெட்டி, கட்டடம் கட்டும்போது விட்ட இடம் இரண்டாயிரம் பெட்டிக்கு. ஆகவே முந்தின நாள் ராத்திரி ஒரு டெம்போ பேசிப் பெட்டிகளை முதலாளியின் மச்சான் குடோனுக்கு அனுப்பிவிடவும். மறுநாள் சாயங்காலம் அதே பெட்டிகள் திரும்ப வர வேண்டியிருக்கும். போகவர என்று சேர்த்துப் பேசினால் வாடகை கொஞ்சம் குறையும்.

தரையில் மஞ்சள் கோடு அழிந்துபோயிருக்கும். புதிதாக அடிக்கவும், ஆனால் இரண்டு நாள் முன்பே அடிக்கவும். ஒருமுறை அன்று காலையில் அடித்துவிட்டோம். ஆடிட்டர் அம்மாவின் செருப்பில் பெயின்ட் ஒட்டி, கட்டிங், செக்கிங், கேன்டீன் என்று அவர் போன இடமெல்லாம் எங்கள் நேர்மை மஞ்சள் மஞ்சளாகப் பதிந்துகொண்டே போனது.

மெஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு சின்னத் தடுப்பு இருக்க வேண்டும். விரல் உள்ளே போகாமல் காக்கிற சாமான். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு அது வேகத்தைக் கெடுக்கும், கழற்றி டிராயருக்குள் போட்டிருப்பார்கள். டிராயரை இழுத்தால் தடுப்பு, காலாவதியான தலைவலி மாத்திரை, பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் ரசீது, எல்லாம் இருக்கும். தடுப்பை மட்டும் எடுத்து மாட்டச் சொல்லவும். அன்றைக்குப் பீஸ் எண்ணிக்கை குறையும். அந்த நஷ்டம் யாருடையது என்பது கேள்வித்தாளில் கிடையாது.

யோசனைப் பெட்டிக்குச் சாவி கிடைக்காது. பூட்டை உடைத்துப் புதுப்பூட்டுப் போட்டு, உள்ளே மூன்று மனுக்கள் வைக்கவும். ஒன்று ஃபேன் கேட்டு, ஒன்று குடிதண்ணீர் கேட்டு, ஒன்று நன்றி தெரிவித்து. மூன்றையும் உங்கள் கையெழுத்தில் எழுத வேண்டாம். நான் எழுதினேன்.

நோட்டீஸ் போர்டு முக்கியம். நம் சரக்கை வாங்கும் பையர் கம்பெனியின் நடத்தை விதிகள் தமிழில், இந்தியில், ஆட்களைப் பார்த்து ஒடியாவிலும் ஒட்ட வேண்டும். அவர்கள் தலைமையகத்திலிருந்து வந்த ஒடியாப் பிரதியை நான் தலைகீழாக ஒட்டி, அது எட்டு மாதம் அப்படியே தொங்கியது. இரண்டு ஆடிட்டர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பாலசோர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் சிரித்துக்கொண்டே வந்து கையைச் சுழற்றிக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எட்டு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாராவது படிப்பதற்காக ஒட்டியது என்று தான் நினைக்கவில்லை என்றான்.

சான்றிதழை எங்கே மாட்டுவது

இந்தக் காகிதத்தின் பூர்வீகம் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், ஆடிட்டரிடம் பேச்சுக் கொடுக்க உதவும். 1996-ல் 'லைஃப்' பத்திரிகையில், பாகிஸ்தானில் ஒரு சிறுவன் கால்பந்து தைக்கிற படம் வந்தது. பந்தில் பெரிய பிராண்டின் முத்திரை. அமெரிக்காவில் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அடுத்த வருஷமே எஸ்.ஏ. 8000 என்ற தரச் சான்று பிறந்தது. பிறகு பி.எஸ்.சி.ஐ., செடெக்ஸ் என்று ஆடிட் ஏற்பாடுகள் வரிசையாக வந்தன. சிறுவர்களைத் தையலிலிருந்து எடுத்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கைமடிக்கிற வேலையில் பார்த்த வயசுப் பிள்ளைகளை இன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் பார்க்க முடியாது.

2012 செப்டம்பர் 11. கராச்சி, பல்தியா டவுன். அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீ. 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 கிடைத்திருந்தது. தீ தானாகப் பிடித்ததல்ல, மிரட்டிப் பணம் கேட்ட கும்பல் வைத்தது என்று 2020-ல் அங்கே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். தீ வைத்தவன் வேறு, கதவைப் பூட்டியவன் வேறு.

அடுத்த ஏப்ரலில் டாக்கா பக்கம் சவாரில் ராணா பிளாசா. 23-ஆம் தேதி சுவரில் வெடிப்பு தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஐந்து கார்மென்ட்ஸ் கம்பெனி ஆட்களை மறுநாள் காலை வேலைக்குக் கூப்பிட்டார்கள். வங்கிக்கு டெலிவரி தேதி இல்லை. கட்டடம் இடிந்து 1,134 பேர் போனார்கள். அந்தக் கட்டடத்திலும் ஆடிட் நடந்திருந்தது. கட்டடம் நிற்குமா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பில் வராது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அது உண்மையும்கூட. கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லை.

ஆகவே, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் வரவேற்பறையில் மாட்டவும். வாசல் பக்கம் வேண்டாம்.

அஞ்சரை மணி என்னும் கற்பனை

வருகைப் பதிவேடு இரண்டு வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது பதிவேடு இல்லை, மென்பொருள். ஆனால் மென்பொருளும் இரண்டுதான். ஒன்றில் எல்லோரும் காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போவார்கள். இன்னொன்றில்தான் சனிக்கிழமை சம்பளம் போடுவோம். திருப்பூரில் நேரத்தை மணிக்கணக்கில் அளப்பதில்லை, ஷிப்டில் அளப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் எட்டரைக்கு எட்டரை. கப்பல் வாரம் என்றால் அதற்கும் மேல். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. நம் ஊரில் ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைச் சம்பளம். கூட்டல் கணக்கு நேராக வருவதால் யாருக்கும் தப்பாகப் படுவதில்லை.

இதைப் பொய்க் கணக்கு என்று நினைத்துக் கூச வேண்டாம். பையருக்கும் தெரியும். ஐம்பதாயிரம் பீஸை எத்தனை மெஷினில், எத்தனை நிமிஷத்தில் தைக்கலாம் என்று அவர்களே நிமிஷக் கணக்குப் போட்டுத்தான் விலை பேசுகிறார்கள். அந்தக் கணக்கை நாளால் வகுத்தால் ஐந்தரைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் வகுத்துப் பார்க்கிறவர் ஒரு துறை, ஐந்தரை மணியைக் கேட்கிறவர் வேறு துறை.

பாடம் சொல்லித் தருதல்

ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதற்கு மூன்று நாள் முன்பே டீ டைமில் பாடம் நடத்த வேண்டும். எத்தனை மணிக்குப் போவீங்க? அஞ்சரைக்கு. ஞாயிற்றுக்கிழமை? லீவு. சூப்பர்வைசர் திட்டுவாரா? இல்லைங்க, அன்பா சொல்லுவார்.

எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லக் கூடாது. எங்கள் கம்பெனியில் ஒரு தடவை வரிசையாகப் பன்னிரண்டு பேர் "அன்பாகவும் மரியாதையாகவும் நடத்துவாங்க" என்று செந்தமிழில் ஒப்பித்தார்கள். பாவம், தயாரித்துக் கொடுத்தவன் எம்.எஸ்.டபிள்யூ.

உங்களுக்கு வேண்டியது எங்கள் ஓவர்லாக் அக்கா மாதிரி ஓர் ஆள். ஈரோடு பக்கத்துக் கிராமம். மழை பொய்த்த வருஷம் புருஷனோடு வந்தவர், இருபது வருஷமாக ஓவர்லாக். ஆடிட்டர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் கதை சொல்வார். "சம்பளம் சரியா வருதாம்மா?" என்றால், "ஏங்கண்ணு, சனிக்கெழம வராட்டி ஞாயித்துக்கெழம கறி எப்படி எடுக்கறது?" என்பார். ஆடிட்டர் சிரித்துவிடுவார். அந்த ஒரு வரியில் எத்தனை ஷிப்ட், என்ன ரேட், பி.எஃப். உண்டா, ஒன்றுமே கிடையாது என்பது அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைக்கும்.

ஒருநாள் அவரிடம் நானே கேட்டேன். "நெசத்தச் சொல்லிட்டா என்னக்கா ஆகும்?" நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்: "ஆர்டர் போயிரும். அப்பறம் உங்களுக்கு வேற கம்பெனி. எனக்கு?"

காட்டக் கூடாத இடங்கள்

ஆடிட்டர் பார்ப்பது மெயின் ரோட்டுக் கட்டடம். ஆர்டர் பாதி அங்கே தைக்கப்படுவதில்லை. வேலம்பாளையம் பக்கம் சந்துக்குள், வீட்டின் முன்னறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ் பத்துப் பதினைந்து மெஷின் போட்ட பவர் டேபிள்காரர்களுக்கு ஜாப் ஒர்க் போகும். அங்கே மஞ்சள் கோடு கிடையாது, கோடு போடத் தரை தெரிய வேண்டும். அங்கிருந்து பிசிறு வெட்ட வீடுகளுக்குப் போகும். வாசல்படியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியால் நூல் நுனிகளை வெட்டித் தள்ளுகிற பெண்களைச் சாயங்காலம் அந்தச் சந்துகளில் நடந்தால் பார்க்கலாம். டஜன் கணக்கில் கூலி. அந்தக் குழந்தை கத்தரியைக் கையில் எடுக்கிற வயசு எது என்பதை யாரும் ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை.

நூல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பெரும்பாலும் வராது. வந்தால் "மில்லிலிருந்து" என்று சொல்லவும். அதற்கு மேல் போனால் சுமங்கலித் திட்டம் என்ற பெயர் வரும். தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பதினைந்து பதினாறு வயசுப் பெண்களை மூன்று வருஷத்துக்கு அழைத்துவந்து, மில் விடுதியில் வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருகிறோம் என்ற திட்டம். பாதியில் உடம்பு முடியாமல் போனால் தொகை போச்சு. திட்டத்துக்குச் சூட்டிய பெயரைப் பாருங்கள். இந்தப் பெயரை வைத்தவர் நம்மை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர். வெளிநாட்டு அறிக்கைகளில் அடிபட்ட பிறகு பெயர் மட்டும் போர்டிலிருந்து இறங்கியது.

இன்னொரு இடமும் உண்டு, ஆனால் அதைக் காட்டும்படி யாரும் கேட்கவே மாட்டார்கள்: காதர்பேட்டை. நீங்களும் நானும் உள்ளூர்க் கடைகளில் 150 ரூபாய்க்கு எடுக்கிற டி-சர்ட் வருகிற மொத்தச் சந்தை. அதைத் தைத்தவருக்காக ஜெர்மன்காரர் கேட்கிற அரைகுறைக் கேள்வியைக்கூட நாம் கேட்டதில்லை. இந்தக் கையேட்டைப் படித்து வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிக்கும்போது, பனியனின் கழுத்து லேபிளைக் கொஞ்சம் மூடிக்கொள்ளவும்.

இரண்டு மெயில்

இந்த வேலையில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப் போவது ஆடிட்டர் இல்லை, இன்பாக்ஸ். பையர் கம்பெனி ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு குடித்தனம். ஒன்று கொள்முதல், இன்னொன்று அறம். இருவரும் ஒரே கட்டடத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். லிஃப்டில்கூடச் சந்தித்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. காலை பதினொன்றுக்கு அறத்திடமிருந்து மெயில்: தொழிலாளர்களுக்கு வாழ்வதற்குப் போதுமான ஊதியம் தர எங்களோடு கைகோருங்கள், இணைப்பில் உறுதிமொழிப் படிவம். மதியம் இரண்டேகாலுக்குக் கொள்முதலிடமிருந்து மெயில், மெர்ச்சன்டைசருக்கு. நாங்கள் 2 டாலர் 15 சென்ட் கேட்டிருந்த டி-சர்ட்டுக்கு 1 டாலர் 94 தான் முடியும், பங்களாதேஷில் இன்னும் குறைவாகத் தருகிறார்கள், இன்று மாலைக்குள் பதில் வேண்டும். இரண்டுக்கும் அன்றே சரி என்று பதில் போட்டோம்.

அந்த 21 சென்ட் எங்கே போகும்? நூல் விலையைக் கம்பெனி தீர்மானிப்பதில்லை. சாயக்கூலி தீர்மானமானது. கரன்ட் பில், வங்கி வட்டி, தூத்துக்குடிக்கு லாரி வாடகை, எதுவும் அசையாது. அசைகிற சாமான் ஒன்றே ஒன்றுதான், அது எட்டரை மணிக்கு டிபன் பாக்ஸோடு வந்து மெஷினில் உட்கார்கிறது. ஃபேர் வேர் ஃபவுண்டேஷன் என்ற ஐரோப்பிய அமைப்பு ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டியது. 29 யூரோவுக்கு விற்கிற ஒரு டி-சர்ட்டில், தைத்தவர் கைக்குப் போவது 18 சென்ட். அதை இரட்டிப்பாக்கினாலும் விலை 29 யூரோ 18 சென்ட்தான் ஆகும். கடையில் அந்த 18 சென்ட்டைப் பார்த்து யாரும் சட்டையைத் திரும்ப வைக்கப்போவதில்லை. ஆனால் பேரம் மட்டும் அந்த இடத்தில்தான் நடக்கும்.

பங்களாதேஷைக் காட்டி நம்மை மிரட்டுவார்கள். நம்மைக் காட்டி பங்களாதேஷை மிரட்டுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2023-ல் அங்கே மாதக் குறைந்தபட்ச ஊதியம் 23,000 டக்கா வேண்டும் என்று தெருவுக்கு வந்தார்கள். 12,500-ல் முடிந்தது. அதற்கு முன்பு 8,000. இது பெரிய உயர்வு என்று அங்கிருந்த முதலாளிகள் அழுதது நடிப்பு இல்லை. அவர்கள் இன்பாக்ஸிலும் செவ்வாய்க்கிழமை உண்டு.

முதலாளிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் வீட்டு வாசலில் நிற்கிற காரின் விலை எனக்கும் தெரியும். ஆனால் 2020 மார்ச்சில், தைத்து முடித்துப் பெட்டி கட்டிய சரக்கை வேண்டாம் என்று மெயில் வந்தபோது அவர் முகத்தையும் பார்த்திருக்கிறேன். பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் ரத்தாகவோ நிறுத்திவைக்கவோ பட்டதாக அங்குள்ள முதலாளிகள் சங்கம் சொன்னது. கடவுள் செயல் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறதாம். நடத்தை விதிகள் சுவரில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அதில் பையரின் நடத்தையைப் பற்றி ஒரு விதியும் இல்லை என்பதை ஊரடங்கில் சாவகாசமாகப் படித்தபோதுதான் கவனித்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும் அதே மாதிரி ஒரு மெயில். வரியில் உங்களால் எவ்வளவு ஏற்றுக்கொள்ள முடியும்?

பையருக்கு விருந்து வைத்தால், மூன்றாவது ரவுண்டில் ஒருவர் அந்த வாதத்தைத் தொடங்குவார்: இந்த வேலையும் இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்? பால் க்ரூக்மன் என்ற பொருளாதார மேதையே 1997-ல் மலிவுக் கூலியை ஆதரித்து எழுதியிருக்கிறார், பிறகு நோபல் பரிசும் வாங்கினார். அந்த வாதத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஓவர்லாக் அக்காவைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். காட்டு வேலைக்குப் போனபோது கூலியை நெல்லாக அளந்து, அதிலும் பதர் கலந்து போட்டவர்கள் உண்டு, இங்கே சனிக்கிழமை நோட்டாக வருகிறது, மகளை நர்சிங் படிக்க வைத்துவிட்டேன் என்பார். அத்தனையும் நிஜம். நான் கவனித்தது ஒன்று மட்டும். அக்கா இதைச் சொல்வது தன் கதையாக. விருந்தில் பையர் சொல்வது 21 சென்ட்டைக் குறைத்த பிறகு.

ஆற்றைப் பற்றிக் கேட்டால்

இதில் மட்டும் நெஞ்சை நிமிர்த்திப் பேசலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினோம். அதற்கு முந்தின கதையை, நொய்யலின் குறுக்கே 1992-ல் பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எப்படிச் சாயத் தண்ணீர்த் தொட்டியானது என்பதை, அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லவும். சுத்திகரிப்புச் செலவு நம்முடையது. படம் அவர்களுடைய ஆண்டறிக்கையில் வரும், பச்சை அட்டையோடு. விலை பேசும்போது, அந்த மாதிரி நிலையம் இல்லாத ஊரின் விலையைச் சொல்வார்கள்.

தவிர்க்க வேண்டிய தொற்று

காகிதத்தில் ஆபத்தான வகை ஒன்று உண்டு. அதில் பையரும் கையெழுத்துப் போட்டிருப்பார். ராணா பிளாசா இடிந்த அடுத்த மாதம் பங்களாதேஷில் தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் சேர்ந்து போட்ட 'அக்கார்டு' அந்த வகை. கட்டடத்தைச் சரிசெய்யப் பணம் புரட்டுவதில் பிராண்டுக்கும் பொறுப்பு, சொன்னதைச் செய்யாவிட்டால் பிராண்டையே நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுக்கவும் இழுத்தார்கள். பூட்டிய கதவுகள் கழற்றப்பட்டன, ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகளுக்குள் பொறியாளர்கள் போய்த் தூண்களைத் தட்டிப் பார்த்தார்கள்.

அது எங்கோ டாக்காவில் என்று நிம்மதியாக இருந்தோம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை செய்த இருபது வயசுத் தலித் பெண்ணை அவளுடைய சூப்பர்வைசர் கொன்றான். பெண்களே நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. அடுத்த வருஷம் ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பாலியல் தொல்லையை, சாதி வசவைப் பற்றிப் புகார் சொல்ல மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்களிலிருந்தே ஆட்களைப் பழக்குவது, நிர்வாகம் மீறினால் பிராண்டு வியாபாரத்தில் கைவைப்பது. மூன்று பெரிய பிராண்டுகள் கையெழுத்துப் போட்டன. ஆடிட்டர் வருஷத்துக்கு ஒரு நாள் வருவார். பக்கத்து மெஷின்காரி தினமும் வருவாள். இப்படிப்பட்ட காகிதம் உங்கள் கம்பெனிக்கு வந்தால் உங்கள் வேலைக்கே அர்த்தம் இருக்காது. முன்ஜாக்கிரதையாக முதலாளி காதில் போட்டு வைக்கவும், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அன்றைய தினம்

ஆடிட்டரை ஸ்டேஷனுக்குக் கார் அனுப்பிக் கூட்டிவர வேண்டாம், லஞ்சம் என்று எழுதிவிடுவார்கள். ஆட்டோவில் வருவார். முக்கால்வாசி முப்பது வயசுக்குள் இருக்கிற ஒரு பெண், சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற ஏஜென்சியின் ஆள். அந்த வாரத்தில் இது மூன்றாவது ஆடிட். நானூறு பேர் வேலை செய்கிற இடத்தை ஒரே நாளில் பார்க்க வேண்டும். இரண்டு நாள் வேண்டும் என்று ஏஜென்சி கேட்டிருக்கும், ஒரு நாள் ஃபீஸுக்கு வேறொரு ஏஜென்சி தயாராக இருக்கும். ஆமாம், அங்கேயும் அதே கதைதான்.

கடைசியாக வந்த பெண் மதியம் சாப்பிடவே இல்லை. எங்கள் கேன்டீன் சாப்பாட்டைத் தொடக்கூட விதி விடாது, கொண்டுவந்த பன்னைப் பிரிக்க நேரமில்லை. மூன்று மணிக்கு ஓவர்லாக் அக்காவைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். நான் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கக் கூடாது. ஒரு கட்டத்தில் அக்கா பேசுவதை நிறுத்திவிட்டு எதையோ கேட்டார், அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு அக்காவிடம் விசாரித்தேன். "ராத்திரி எத்தன மணி வரைக்கும் கண்ணு இதையெல்லாம் எழுதுவேன்னு கேட்டனுங்க. பன்னெண்டு ஆகுமாம். ஓவர்டைம் உண்டான்னேன். அதுக்குத்தான் சிரிச்சுது."

'பி' கிடைத்தது. திருத்தங்கள் மூன்று: மாத்திரை தேதி, ஒரு பல்பு, குடிதண்ணீர்ச் சோதனை அறிக்கை. நெருக்கடி வாசல் பற்றி, தடையின்றி உள்ளது என்று ஒரு வரி.

கொள்முதலின் மெயில் அன்றைக்கே வந்திருந்தது. இருபதாயிரம் பீஸ் கூடுதல், கப்பல் பத்து நாள் முன்னால். ஆறு மணிக்கு டெம்போ வந்தது. அன்றைக்கு ஐந்தரைக்கு விட்டுவிடுவோம் என்று நம்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவர்களெல்லாம் மெஷினுக்குத் திரும்பினார்கள். செக்கிங் ஓரமாகப் பையன்கள் பெட்டிகளை இறக்கி, பழைய இடத்திலேயே, வாசலை ஒட்டி அடுக்க ஆரம்பித்தார்கள். வேறு இடம் இல்லை. நானும் ஒரு பெட்டியைப் பிடித்தேன். அக்கா தலையைத் திருப்பாமல், ஓவர்லாக் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தார்.

"ஒராளு போற அளவுக்காச்சும் சந்து விட்டு அடுக்குங்கடா."